வடசென்னை வெயிலில் எலக்ட்ரிக் கார்: ரேஞ்ச் எங்கே போகிறது, எப்படி மிச்சம் பிடிப்பது

கத்திரி தொடங்கியதும் எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரே புலம்பல்தான்: "ஜனவரியில 240 காட்டின வண்டி இப்ப 180தான் காட்டுது, பேட்டரி போச்சா?" போகவில்லை. பெரும்பாலும் பேட்டரிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. வெயில் காலத்தில் ரேஞ்ச் குறைவது ஒரு விஷயம், வெயிலால் பேட்டரி தேய்வது வேறு விஷயம். முதலாவது அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், மழை பிடித்ததும் சரியாகிவிடும். இரண்டாவது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும், போனது போனதுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல பேர் பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்து ஏசி போடாமல் வியர்த்து வழிய ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கொதிக்கிற வண்டியை அப்படியே 100 சதவீதத்துக்கு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். ஏசி பேட்டரியைக் கெடுக்காது. அந்த சார்ஜிங்தான் கெடுக்கும்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொதுவாகச் சொல்லப்படும் குறிப்புகளில் பாதி இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது.

படி 1: ஏசி செலவை மணிக்கணக்கில் போடுங்கள்

வெயிலில் பேட்டரி சோம்பிப்போகும் என்று நினைப்பது தவறு. சூட்டில் செல்லின் உள்தடை குறையும், அதாவது கரண்ட் இன்னும் லேசாக வரும். காற்றும் இளகிவிடும்: 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது, நெடுஞ்சாலையில் காற்றுத் தடையும் அந்த அளவு குறையும். ரேஞ்சை எடுத்துக்கொள்வது முக்கியமாக ஏசி. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் ஐந்து எலக்ட்ரிக் கார்களை 35 டிகிரியில் சோதித்துப் பார்த்தது. ஏசி இல்லாமல் சராசரியாக 4 சதவீதம்தான் ரேஞ்ச் குறைந்தது, ஏசி போட்டதும் 17 சதவீதம்.

அந்த 17ஐ எடுத்து நம் ரோட்டில் பொருத்தினால் ஏமாந்துபோவோம். மோட்டார் செலவழிப்பது கிலோமீட்டர் கணக்கில், ஏசி செலவழிப்பது மணிக்கணக்கில். வண்டி நகர்ந்தாலும் நின்றாலும் ஏசிக்கு ஒன்றுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 30 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கிலோவாட் அவர் என்று எழுதியிருப்பதும் ஈபி பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான்). காலியான ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 130 வாட் அவர் ஆகிறது என்றால், ஏசி இல்லாமல் 230 கி.மீ. போகலாம். மே மாத மதியத்தில் ஏசி 1.5 கிலோவாட் இழுக்கிறது, அதாவது மணிக்கு ஒன்றரை யூனிட். 60 கி.மீ. வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 25 வாட் அவர், மொத்தம் 155, ரேஞ்ச் 193. ஏஏஏ சொன்ன சதவீதத்துக்கு அருகில்தான் இருக்கிறது. சரி, இப்போது அதே வண்டியை எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் டிரெய்லர்கள் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து வரிசைகட்டி நிற்கும் ஒரு நாளில் கொண்டுபோய் விடுங்கள். சராசரி வேகம் 15 கி.மீ. ஊர்ந்து போகும்போது காற்றுத் தடை இல்லை, பிரேக்கில் கரண்ட் கொஞ்சம் திரும்ப வரும், மோட்டார் 110 வாட் அவர்தான் எடுக்கும். ஏசி இல்லையென்றால் 270 கி.மீ.க்கு மேல் போகலாம். ஏசியோடு? கிலோமீட்டருக்கு 100 வாட் அவர் ஏசிக்கே போகிறது. மொத்தம் 210, ரேஞ்ச் 142.

பாதி போய்விட்டது பாருங்கள். அதே வண்டி, அதே வெயில், அதே ஏசி, வித்தியாசம் டிராஃபிக் மட்டும்தான். இதனால்தான் ஓஎம்ஆரில் இருக்கும் உங்கள் நண்பருடைய வண்டியின் ரேஞ்சும் உங்கள் வண்டியின் ரேஞ்சும் ஒத்துப்போவதில்லை. மே மாதத்தில் தூரம் குறைந்த வழியைவிட நேரம் குறைந்த வழிதான் லாபம். நாலைந்து கிலோமீட்டர் சுற்றினாலும் அரை மணி நேரம் மிச்சமானால் சுற்றியே போங்கள்.

மெதுவாகப் போகும்போது ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொல்வார்கள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை வாசனைக்கும், எண்ணூரில் சாம்பல் தூசிக்கும், முன்னால் நிற்கும் டிரெய்லரின் புகைக்கும் நடுவே கண்ணாடியை இறக்கச் சொல்பவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். ஏசியைப் போடுங்கள். அதற்குத்தான் காசு கொடுத்தோம்.

படி 2: உங்கள் வண்டியின் எண்ணை நீங்களே எடுங்கள்

டேஷ்போர்டில் தெரியும் ரேஞ்ச் ஒரு கணிப்பு, அவ்வளவுதான். கடைசியாக ஓட்டிய கொஞ்ச தூரத்தில் எவ்வளவு செலவானதோ அதை வைத்து மீதியைச் சொல்கிறது. நேற்று மாலை வியாசர்பாடி பாலத்தில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தால் இன்று காலை அது அழுமூஞ்சியாகத்தான் காட்டும். கம்பெனி விளம்பரத்தில் வரும் எண் மிதமான வெப்பத்தில், ஏசி ஓடாமல், சோதனைக்கூடத்தில் எடுத்தது. இரண்டையும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, வழக்கமாகப் போகும் ஒரே வழியில் ஒரு முறை அதிகாலையிலும் ஒரு முறை மதியம் இரண்டு மணிக்கும் போய்ப் பாருங்கள். சராசரி வேகம், யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் (சில வண்டிகளில் கிலோமீட்டருக்கு எத்தனை வாட் அவர் என்று காட்டும்), இந்த இரண்டையும் குறித்துக்கொண்டால் போதும். யூனிட்டுக்கு இத்தனை கி.மீ. என்பதை பேட்டரியின் யூனிட்டால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் மே மாத ரேஞ்ச். அதிலும் 10, 15 சதவீதம் பேட்டரியில் மிச்சம் இருக்கும்படி கழித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஏறுவதற்கு முன்னால் குளிர வையுங்கள்

வெயிலில் நின்ற காரின் உள்ளே 55, 60 டிகிரி சாதாரணம். அதை இறக்குவதற்கு ஏசி முதல் சில நிமிடங்கள் 3, 4 கிலோவாட் கூட இழுக்கும். சின்னச் சின்ன ஓட்டமாகப் பத்து இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்தச் செலவு புதிதாக விழுகிறது. தங்கசாலை, வண்ணாரப்பேட்டை என்று கடை கடையாக இறங்கி ஏறும் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சார்ஜர் மாட்டியிருக்கும்போதே ஃபோன் ஆப்பில் இருந்து ஏசியைப் போட்டுவிட்டால் அந்த முதல் இழுவை பேட்டரியிலிருந்து போகாமல் சுவரிலிருந்து போகும். வெளியே நிறுத்தியிருந்தால் ஆப்பில் போட்டுப் பெரிய லாபமில்லை. நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வைத்துச் சூட்டை வெளியே விடுங்கள், தெருமுனை வரை கண்ணாடியை இறக்கியபடி போங்கள், அப்புறம் ஏற்றிவிட்டு உள்காற்றையே சுழற்றும் பட்டனை அழுத்துங்கள். இந்த பட்டன் நம் பக்கத்தில் ரொம்ப முக்கியம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வெளிக்காற்றை இழுத்தால் ஏசி அதைக் குளிர வைப்பதோடு ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டும், அந்த வேலைக்கே பெரிய பங்கு மின்சாரம் போகிறது. நீண்ட பயணத்தில் மட்டும் அவ்வப்போது வெளிக்காற்றை விட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூக்கம் சொக்கும்.

ஏசியை 18இல் வைப்பதால் சீக்கிரம் குளிராது, விடாமல் இழுக்கத்தான் செய்யும். 24 அல்லது 25, ஆட்டோவில், அப்படியே விட்டுவிடுங்கள். சீட்டில் காற்று வரும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஏசியை இன்னும் ஒரு டிகிரி ஏற்றலாம், அந்தச் சின்ன ஃபேன்கள் தின்பது ஒன்றுமில்லை.

படி 4: நிழல்

முன்கண்ணாடிக்கு வெள்ளி நிற மறைப்பு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். மேற்கூரை கண்ணாடியாக இருந்தால் திரையை மூடியே வையுங்கள். சன் ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கறுப்பாக ஒட்டித்தான் சூட்டைத் தடுக்க வேண்டும் என்றில்லை, வெளிர் நிறத்திலேயே அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வகை கிடைக்கிறது.

அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நிற்கப்போகிறது என்றால் காலை நிழலைப் பார்த்து நிறுத்தாதீர்கள், மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை நிழல் எங்கே விழும் என்று பார்த்து நிறுத்துங்கள். நிழல் உங்கள் உடம்புக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பேட்டரி அடிப்பகுதியில் இருக்கிறது, சில நூறு கிலோ எடை, மேலே வெயில், கீழே தகிக்கிற தார். அது சூடேறச் சில மணி நேரம் ஆகும், ஆறவும் சில மணி நேரம் ஆகும். உள்ளே ஏசி ஐந்து நிமிடத்தில் ஜில்லென்று ஆகிவிட்டதே என்று நினைப்போம், ஆனால் கீழே பேட்டரி ராத்திரி பதினொரு மணிக்கும் சூடாகவே இருக்கும். சார்ஜிங்கில் கை வைக்கும் முன் இதை ஞாபகம் வையுங்கள்.

படி 5: சார்ஜிங், இங்கேதான் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது

லித்தியம் பேட்டரிக்கு ஏறக்குறைய 15 முதல் 35 டிகிரி வரை சுகம். அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் தேய்மான வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. செல்லுக்குள் எதிர்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது; சூட்டில் அது வேகமாகத் தடிக்கிறது, தடிக்கத் தடிக்க வேலை செய்ய வேண்டிய லித்தியம் அதில் மாட்டிக்கொள்கிறது. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் இது இன்னும் மோசம். சூடு தனியாகக் கெடுதல், முழு சார்ஜ் தனியாகக் கெடுதல், இரண்டும் சேர்ந்து மணிக்கணக்கில் நின்றால் அதுதான் நாம் தவிர்க்க வேண்டியது.

இதற்குப் பெரிய சாட்சி நிசான் லீஃப். அதன் முதல் தலைமுறை பேட்டரிக்குக் குளிரூட்டும் திரவம் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஓடிய வண்டிகள் ஓரிரு வருடத்திலேயே கொள்ளளவை இழக்கத் தொடங்கி 2012இல் பெரிய பிரச்சினையானது, அப்புறம் நிசான் சூட்டைத் தாங்கும்படி செல்லின் வேதியியலையே மாற்றியது. இன்று இங்கே விற்கும் நெக்ஸான் ஈவி போன்ற கார்களில் பேட்டரியைச் சுற்றி திரவம் ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சியா, வெறும் காற்றா?

நடைமுறைக்கு வருவோம்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கை மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சார்ஜ் தொடங்கும் நேரத்தை நள்ளிரவு தாண்டி வையுங்கள். மூன்று காரணம். பேட்டரி ஆறியிருக்கும். காற்றும் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் குளிரும். மூன்றாவது, வோல்டேஜ். மே மாதம் பத்து மணிக்குத் தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 15 ஆம்ப் சாக்கெட்டில் 3 கிலோவாட் வர வேண்டியது குறைவாக வரும், சில சார்ஜர் நின்றேவிடும். 20இலிருந்து 80 சதவீதத்துக்கு 30 யூனிட் பேட்டரியில் 18 யூனிட் தேவை, 3 கிலோவாட்டில் சுமார் ஆறு மணி நேரம். பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் காலை ஆறரைக்கு முடியும், ஏழு மணிக்குக் கிளம்பிவிடலாம். நிரம்பிய பேட்டரி வெயிலில் காத்துக்கொண்டு நிற்காது.

எவ்வளவு ஏற்றுவது என்பது செல்லின் வகையைப் பொறுத்தது. என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) வகையாக இருந்தால் தினசரிக்கு 80 போதும், வெளியூர் போகும் அன்று மட்டும் 100. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், ஏனென்றால் அதன் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும், நிரப்பிப் பார்த்தால்தான் மீதி எவ்வளவு என்று வண்டிக்குச் சரியாகத் தெரியும். அந்த 100ஐ ஏற்றிய கையோடு ஓட்டிவிடுங்கள். உங்களுடையது எந்த வகை என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், சார்ஜ் விஷயத்தில் என் பேச்சைவிட அந்தப் புத்தகத்தின் பேச்சுதான் பெரிது.

பழைய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் வயரிங் பல வருஷப் பழசு, உப்புக்காற்றில் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் ஏற்காது, அதை ஏமாற்ற எந்த எலக்ட்ரீஷியனும் குறுக்கு வழி சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். மீட்டரிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல 16 ஆம்ப் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. சார்ஜ் ஓடும்போது ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். சார்ஜர் டப்பாவை வெயிலில் தொங்கவிடாதீர்கள். சூடானால் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும், உச்சி வெயிலில் சார்ஜ் போட்டுக்கொண்டே பேசினால் ஃபோன் செய்வதைப் போல.

வீட்டில் இடமில்லாமல் தெருவில் நிறுத்துகிறவர்கள் பொது ஃபாஸ்ட் சார்ஜரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் அதிகாலையிலோ இரவு பத்துக்கு மேலோ போவது நல்லது. மதியம் போனால் பேட்டரியைக் குளிர வைக்கவே ஒரு பங்கு மின்சாரம் போகும், வேகமும் குறையும். 50 கிலோவாட் என்று போர்டில் எழுதியிருந்தாலும் பேட்டரி சூடாக இருந்தால் வண்டி அவ்வளவு வாங்காது. 80இல் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் நேரமும் வீண், சூடும் வீண்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில், நிழலில் விட்டுவிட்டுப் போங்கள். 12 வோல்ட் சின்ன பேட்டரியையும் போவதற்கு முன் ஒரு முறை சோதித்துவிடுங்கள், வெயிலில் முதலில் சாவது அதுதான், அது செத்தால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது.

படி 6: கண்டென்சரைக் கழுவுங்கள்

பொதுக் குறிப்புகளில் இது அதிகம் வராது, நமக்கோ இதுதான் தலையாயது. முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர்தான் ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிறது. பெரும்பாலான திரவக் குளிர்ச்சி வண்டிகளில் பேட்டரியின் சூடும் கடைசியில் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதன் மெல்லிய தகடுகளில் கடல் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் டிரெய்லர் கிளப்பும் தூசியும் சேர்ந்து அப்பிக்கொண்டால் கம்ப்ரசர் அதே குளிருக்கு அதிக நேரம் ஓட வேண்டியிருக்கும். அத்திப்பட்டு, எண்ணூர், மணலி பக்கம் தினமும் ஓடும் வண்டியில் மார்ச் கடைசியில் ஒரு முறை, கத்திரி நடுவில் ஒரு முறை இதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீர், மெதுவான வேகம். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை நேராக அடித்தால் தகடு மடங்கிவிடும், அப்புறம் அழுக்கே பரவாயில்லை என்றாகிவிடும். கேபின் ஃபில்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் போட்ட தேதிக்குக் காத்திருக்காமல் எடுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

டயர் காற்றை காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். மதியம் சூட்டில் ஏறியிருக்கும் அழுத்தத்தைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும், ரேஞ்சும் போகும் டயரும் தேயும்.

படி 7: மே மாதத்தில் திருப்பதி

மாதவரத்திலிருந்து செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி சுமார் 130 கி.மீ. மேலே பார்த்த 30 யூனிட் வண்டிக்கு காலியான ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் 193 வருகிறது, 15 சதவீதம் ஒதுக்கினால் 164. ஒரு வழிக்குத் தாராளமாகப் போதும், திரும்பி வர அங்கே சார்ஜ் போட வேண்டும். காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏசி பாதிச் சுமையில் ஓடும், வெயில் ஏறும் முன் போய்ச் சேர்ந்துவிடலாம். 100 சதவீதம் ஏற்றினால் கிளம்பும் நேரத்துக்கு முடியும்படி டைமர் வையுங்கள். முழுதாக நிரம்பிய பேட்டரியில் முதல் சில கிலோமீட்டருக்கு பிரேக் கரண்ட் திரும்ப வராது, வண்டி கொஞ்சம் வழுக்கிப் போவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போவதைவிட 80 கி.மீ. வேகத்தில் போனால் மிச்சமாவது ஏசியை நிறுத்துவதால் மிச்சமாவதைவிட அதிகம். குடும்பத்தை வியர்க்க வைத்து ரேஞ்ச் சேமிக்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

வழியில் பேட்டரி சூடு என்று எச்சரிக்கை வந்தாலோ வண்டி தானாகவே பலத்தைக் குறைத்துக்கொண்டாலோ நிழலில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். ஃபாஸ்ட் சார்ஜ் முடிந்த கையோடு மிதித்து ஓட்டினால்தான் இது வர வாய்ப்பு அதிகம். வெயிலால் பேட்டரி தீப்பிடிக்குமா என்று மாமியார் கேட்பார்: 2003 மே 31 அன்று சென்னை பார்த்த உச்சம் 45 டிகிரி, செல்லுக்குள் இருக்கும் தடுப்புத்தாள் உருகுவது 130 டிகிரி வாக்கில். வெளி வெயில் மட்டும் அந்த வேலையைச் செய்யாது. அடிபட்ட பேட்டரி, தண்ணீர் புகுந்த பேட்டரி, கண்ட இடத்தில் பிரித்து வேலை பார்த்த பேட்டரி, இவைதான் பயப்பட வேண்டியவை.

கடைசியாக, பேட்டரி உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் டேஷ்போர்டு ரேஞ்சைப் பார்க்காமல், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய சதவீதத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வருஷா வருஷம் ஒரே மாதத்தில், டிசம்பரோ ஜனவரியோ வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பல கம்பெனிகள் பேட்டரிக்குக் கொடுப்பது 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி, அந்தத் தாள்கள் வரிசையாகக் கையில் இருந்தால் பேச்சு சுலபம். மே மாத ரேஞ்சின் ஃபோட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் "ஏசி ஓடுது சார்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.